ஐட்ராப்பர் சொல்வதெல்லாம் நிறமா?

வாசகர் கேள்வி – பதில்: கான்செப்ட் ஆர்ட்டில் வண்ண ரெஃபரன்ஸும் பேலட்டும்

திரைப்படம், அனிமேஷன், கேம் ஆகியவற்றுக்கு கான்செப்ட் ஆர்ட் (தயாரிப்புக்கு முன் தோற்றத்தை முடிவுசெய்ய வரையும் படம்) வரையும் வாசகர்கள் நிறம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் ஃபோட்டோஷாப்பின் பெயர்களைப் பயன்படுத்தியிருக்கிறோம். கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ போன்ற மற்ற ஓவிய மென்பொருள்களில் இவற்றில் பெரும்பாலானவை வேறு பெயரில் இருக்கும்.

கேள்வி: நல்ல புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஐட்ராப்பரால் நிறங்களை எடுத்துத்தான் வரைகிறேன். புகைப்படத்தில் பளிச்சென்று இருந்த நிறங்கள் என் படத்தில் சேறு அப்பியதுபோல் ஆகிவிடுகின்றன. ஏன்?

பாதிக் குற்றம் கருவியுடையது, மீதி கண்ணுடையது.

முதலில் கருவி. படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பர் வழக்கமாக 'பாயின்ட் சாம்பிள்' என்ற அமைப்பில் இருக்கும். நீங்கள் தொட்ட ஒரே ஒரு பிக்சலின் நிறத்தை மட்டும் அது கொடுக்கும். கேமரா எடுத்த படத்தில் அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிழல் பகுதிகளில் நாய்ஸ் (கேமராவில் தானே உண்டாகும் நிறப் புள்ளிகள்) அதிகம் என்பதால் ஒரு பிக்சல் பச்சையாகவும் அதை ஒட்டியது ஊதாவாகவும் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, பல ஜேபெக் கோப்புகள் வெளிச்சத் தகவலை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிச் சேமிக்கின்றன. சிவப்புத் துணியின் ஓரத்தைத் தொட்டால் பின்னாலிருக்கும் சுவரின் நிறமும் சேர்ந்து வருவது இதனால்தான். சாம்பிள் சைஸை 5×5 அல்லது 11×11 சராசரிக்கு மாற்றுங்கள். ஓரங்களைத் தொடாதீர்கள்.

கண் விஷயம் இன்னும் பெரியது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், அங்கே தயாரான கருப்புச் சாயம் வலுவில்லாமல் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, அதன் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கருப்பை வெளிறச் செய்கின்றன என்று கண்டார். பக்கத்து நிறம் பார்வையை இப்படி மாற்றும் விதத்தை 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் புகைப்படத்திலும் இதுதான் நடக்கிறது. மெழுகுவர்த்தி எரியும் அறையில் நீலமாகத் தெரியும் துணியைத் தொட்டுப் பாருங்கள்: (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான அளவில்) சிவப்பு 120, பச்சை 118, நீலம் 115 என்பதுபோல் ஏறக்குறைய சாம்பல்தான் கிடைக்கும். சுற்றிலும் ஆரஞ்சு இருப்பதால் சாம்பல் நீலமாகிறது. அதே சாம்பலை வெள்ளை கேன்வாஸில் வைத்தால் சாம்பல்தான். அங்கே வைத்துப் பார்த்துவிட்டு "இது நீலமாக இல்லையே" என்று உண்மையான நீலத்துக்குப் போனீர்கள் என்றால் அறையின் வெளிச்சமே உடைந்துவிடும்.

எனவே எடுக்க வேண்டியது உறவுகளை. இப்படிச் செய்து பாருங்கள். புகைப்படத்தை 40 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 'நியரஸ்ட் நெய்பர்' முறையில் மறுபடி பெரிதாக்குங்கள். விவரமெல்லாம் போய் நிறக் கட்டங்கள் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து ஆறு முதல் எட்டு நிறங்களை எடுத்து, இடையே வெள்ளை இடைவெளி விடாமல், படத்தில் எது எதன் பக்கத்தில் இருந்ததோ அதே வரிசையில், அதே பரப்பு விகிதத்தில் ஒட்டி வையுங்கள். சமமான சதுரங்களாக அடுக்கி வைத்த பேலட் (நிறத் தொகுப்பு) பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. பிறகு மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மிக வெளிர்ந்தது எது, மிக அடர்ந்தது எது, சாச்சுரேஷன் (நிறச் செறிவு) மிகுந்தது எது. உங்கள் படத்தில் நிறங்கள் முழுக்க வேறாக இருக்கலாம். இந்த மூன்றும் அதே உறவில் நின்றால் புகைப்படத்தின் சுவை வந்துவிடும்.

கேன்வாஸின் வெள்ளையை முதலிலேயே மூடிவிடுங்கள். நீங்கள் வரையப்போகும் காட்சியின் சராசரி நிறத்தை அடித்தளமாகப் பூசிவிட்டு அதன் மேல் தொடங்கினால், ஒவ்வொரு நிறமும் சரியான அண்டை வீட்டாரோடு இருந்தே தீர்மானமாகும்.

கேள்வி: மூட்போர்டில் (ரெஃபரன்ஸ் படங்களைச் சேர்த்து வைக்கும் பலகையில்) எண்பது படங்கள் வைத்திருக்கிறேன். அவற்றை ஒரு பேலட் தயாரிக்கும் செயலியில் போட்டால் எப்போதும் பழுப்பும் சாம்பலுமே வருகிறது. செயலி சரியில்லையா?

செயலி தனக்குச் சொன்னதைச் செய்கிறது. இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை, ஒன்றுபோல் இருக்கும் பிக்சல்களைக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவின் சராசரியைத் தருகின்றன. பரப்பு பெரியதாக இருக்கும் நிறத்துக்கே குரல் அதிகம். இருட்டுத் தெருவில் தொங்கும் ஒரு சிவப்பு விளக்கு படத்தின் 1 சதவீதப் பரப்புதான் என்றால், அது பக்கத்துப் பழுப்புக் குழுவில் கரைந்துவிடும். ஆனால் அந்தப் படத்தை நீங்கள் போர்டில் வைத்ததே அந்த விளக்குக்காகத்தான். சிறு பரப்பில் இருக்கும் கூர்மையான நிறங்களைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

எண்பது படங்கள் என்பது ரசிப்பதற்கான தொகுப்பு. வேலைக்கு அதை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பலகை ஒளிக்கு: ஒரு காட்சிக்கு இரண்டு அல்லது மூன்று படங்கள், எல்லாம் ஒரே வகை வெளிச்சத்தில். இரண்டாவது பொருள்களுக்கு: துரு, ஈரக்கல், பழைய தோல், பூசணம் ஆகியவற்றின் சொந்த நிறம் தெரிய, மேகமூட்டமான வெளிச்சத்தில் எடுத்தவை. மூன்றாவது மனநிலைக்கு: ஐந்தாறு படங்கள் போதும், ஓவியமோ துணியோ எதுவாகவும் இருக்கலாம். ஒளியை முதல் பலகையிலிருந்தும், பொருளின் நிறத்தை இரண்டாவதிலிருந்தும், எந்த நிறங்கள் ஆள வேண்டும் என்பதை மூன்றாவதிலிருந்தும் எடுங்கள். மாலை வெயிலில் எடுத்த துருவின் படத்திலிருந்து துருவின் நிறத்தை எடுத்தால், வெயிலையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். அதன் மேல் உங்கள் ஒளியையும் போடும்போது எல்லாம் இரட்டிப்பாகும்.

ஒளிப் பலகையில் இன்னொரு எச்சரிக்கை. தானியங்கி ஒயிட் பேலன்ஸ் என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் களைவதற்காகவே உள்ள வசதி. மெழுகுவர்த்தி ஏறத்தாழ 1,900 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் ஏற ஏற நீலம்), பழைய டங்ஸ்டன் பல்பு 2,700–3,000, நடுப்பகல் வெயில் 5,500 அளவில், திறந்த வானத்தின் நிழல் 7,000க்கு மேல். இந்த வேறுபாடுதான் உங்களுக்கு வேண்டியது, அதைத்தான் கேமரா சமன்செய்துவிடுகிறது. நீங்களே ரெஃபரன்ஸ் எடுப்பதாக இருந்தால் ஒயிட் பேலன்ஸை 'டேலைட்' என்று பூட்டிவிட்டு எடுங்கள்.

கேள்வி: பேலட்டைக் கருப்பு வெள்ளையாக்கிச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். ஒரு முறையில் செய்தால் ஒரு மாதிரியும் இன்னொரு முறையில் வேறு மாதிரியும் தெரிகிறதே?

'டீசாச்சுரேட்' கட்டளையைப் பயன்படுத்தினீர்களா? அதுதான் குழப்பம். அது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. முழு மஞ்சளும் (255, 255, 0) முழு நீலமும் (0, 0, 255) அந்தக் கணக்கில் ஒரே 128 சாம்பல் ஆகிவிடும். இந்த இரண்டையும் ஒரே வெளிச்சம் என்று எந்தக் கண்ணும் சொல்லாது. ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7.

சரியான வழி எளிது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, அதைக் கருப்பால் நிரப்பி, பிளெண்டிங் மோடை (கீழுள்ளவற்றோடு கலக்கும் முறையை) 'கலர்' என்று மாற்றுங்கள். இப்போது மஞ்சள் 227 அளவிலும் நீலம் 28 அளவிலும் தெரியும். வேலை முழுக்க அந்த லேயர் அங்கேயே இருக்கட்டும். கண் ஐகானை அழுத்தினால் வேல்யூ (வெளிர்-அடர் அளவு), மறுபடி அழுத்தினால் நிறம்.

நிறம் தேரும் சக்கரத்தில் 'பிரைட்னஸ்' என்றிருக்கும் எண்ணையும் வேல்யூ என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் அது 100 என்றே காட்டும்.

கேள்வி: ஒரே பாத்திரத்தைப் பகல், அந்தி, இரவு மூன்றிலும் வரைந்து கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று பேலட்டா, இல்லை ஒன்றையே மாற்றுவதா?

பாத்திரத்துக்கு ஒரே பேலட். மாறுவது ஒளி மட்டும். இதைக் கணக்காகச் செய்து பார்த்தால் மனதில் நன்றாகப் பதியும்.

முதலில் நிழலோ ஒளியோ இல்லாமல் சொந்த நிறங்களை மட்டும் தட்டையாக ஒரு லேயரில் பூசுங்கள். ஓர் உதாரணம்: சிவப்பு மேலங்கி (170, 50, 45), வெள்ளைச் சட்டை (225, 220, 210), நீலக் கச்சை (60, 90, 150). இதன் மேல் ஒரு மல்டிப்ளை லேயர் போட்டு, அந்தி வெயிலின் நிறமாக (255, 190, 120) நிரப்புங்கள். மல்டிப்ளை செய்வது இதுதான்: ஒவ்வொரு எண்ணையும் ஒளியின் எண்ணோடு பெருக்கி 255ஆல் வகுக்கும். சட்டை (225, 164, 99) ஆகும், வெள்ளை முழு ஆரஞ்சாகிவிட்டது. மேலங்கி (170, 37, 21), சிவப்பு இன்னும் சுத்தமாகிவிட்டது. கச்சையைப் பாருங்கள்: (60, 67, 71). நீலம் சாம்பலாகவே போய்விட்டது.

அனுபவமில்லாதவர்கள் இங்கேதான் பயந்து, கச்சையை மறுபடி நீலமாக்கிவிடுவார்கள். விட்டுவிடுங்கள். சுற்றியுள்ள ஆரஞ்சில் அந்தச் சாம்பல் நீலமாகவே படிக்கப்படும், முதல் பதிலில் சொன்ன அதே விதி.

நிழல் பக்கத்தில் வெயில் இல்லை, வானம் மட்டும் ஒளி தருகிறது. அதற்கு இன்னொரு மல்டிப்ளை லேயர், நிறம் (120, 140, 185). இப்போது சட்டை (106, 121, 152), கச்சை (28, 49, 109). வெயிலில் செத்துப்போன கச்சை நிழலில் உயிர் பெறுகிறது. "நிழலில் எல்லா நிறமும் மங்கும்" என்ற பொது விதியை நம்புகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். எந்த நிறம் எந்த ஒளியோடு ஒத்துப்போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இரண்டு லேயர்களுக்கும் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வசதி) போட்டு ஒளிப் பக்கம், நிழல் பக்கம் என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. மீதி, தரையிலிருந்து தெறிக்கும் ஒளியும் மினுங்கலும்.

மல்டிப்ளை கணக்கு ஓரளவு நம்பகமானது, ஏனென்றால் திரையின் காமா வளைவு (எண் ஏறும் அதே விகிதத்தில் வெளிச்சம் ஏறாத தன்மை) பெருக்கலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கூட்டல்தான் கெடும். ஒரே இடத்தில் இரண்டு விளக்குகள் விழுகின்றன என்று, எண்களைக் கூட்டும் 'லீனியர் டாட்ஜ்' மோட் போட்டால் 128உம் 128உம் சேர்ந்து வெள்ளையாகிவிடும். உண்மையில் ஒளி இரட்டிப்பானால் 175 அளவுக்குத்தான் போக வேண்டும். விளக்குகள் வெந்துபோனதுபோல் தெரிகிறதா? டாட்ஜ் லேயரின் ஒபாசிட்டியை இறக்குங்கள், அல்லது 'ஸ்கிரீன்' மோடுக்கு மாறுங்கள். ஸ்கிரீன் அதே இரண்டையும் 192 அளவில் நிறுத்தும். அதுவும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் தாங்கும்.

இரவுக்கு இந்த முறை மட்டும் போதாது. நீல மல்டிப்ளை போட்டு இருட்டாக்கினால் எல்லாம் ஒரே நீல மையில் முக்கியெடுத்ததாகிவிடும். மங்கிய ஒளியில் கண்ணின் கூர்மை மஞ்சள்-பச்சையிலிருந்து நீல-பச்சைப் பக்கம் நகர்கிறது: பகலில் 555 நானோமீட்டரில் உச்சம், இருளில் 507இல். இதற்குப் பர்கின்ஜே விளைவு என்று பெயர். அதனால் சிவப்புகள் கிட்டத்தட்டக் கருப்பாக விழ வேண்டும், நீலமும் பச்சையும் ஒப்பீட்டில் வெளிர்ந்து நிற்க வேண்டும், எல்லாவற்றின் சாச்சுரேஷனும் இறங்க வேண்டும். வேல்யூக்களை நெருக்குங்கள், ஆனால் அடியில் 0 வரை தள்ளாதீர்கள். 15க்கும் 110க்கும் இடையே முழுக் காட்சியையும் வைத்துவிட்டு, ஒரு ஜன்னலுக்கோ தீப்பந்தத்துக்கோ மட்டும் 200ஐத் தாண்ட அனுமதி கொடுங்கள். இருட்டு என்று பார்வையாளர் உணர்வது அந்த ஒரு வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத்தான்.

கேள்வி: தூரத்து மலைகளுக்கு நீலம் பூசுகிறேன், ஆனாலும் ஆழம் வரவில்லை.

தூரம் என்றாலே நீலம் என்பது பாதி உண்மை. இடையிலுள்ள காற்று நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறிய ஒளி இருண்ட பொருளின் மேல் திரைபோல் விழுவதால் இருண்ட மலை நீலமாகிறது. பனி மூடிய சிகரம், தூரத்து வெண்மேகம் போன்ற வெளிர்ந்தவற்றிலிருந்து வரும் ஒளியோ வழியில் நீலத்தை இழப்பதால் கொஞ்சம் மஞ்சளாக, ரோஜாவாக வந்து சேர்கிறது. இரண்டையும் ஒரே நீலத்தால் மூடினால் தட்டையாகிவிடும்.

ஆழத்தை முதலில் தருவது நிறமல்ல, அடர்ந்த பகுதிகள் வெளிறுவது. முன்தளத்தில் மிக அடர்ந்த வேல்யூ 20 என்றால், நடுத்தளத்தில் 70, பின்தளத்தில் 120, தொடுவானில் 160 என்று படியேற்றிப் பாருங்கள். வெளிர்ந்த பகுதிகளை அவ்வளவாகத் தொட வேண்டாம். ஆழம் இதிலேயே வந்துவிடும். பிறகு சாயல் கொடுங்கள், அதுவும் அந்தக் காட்சியின் வானத்தில் தொடுவானத்தை ஒட்டிய நிறத்தை எடுத்து. புழுதிக் காற்றாக இருந்தால் அது நீலமாகவே இருக்காது.

கேள்வி: பேலட் அழகாக இருக்கிறது, ஆனால் கேமுக்குள் பாத்திரம் எடுபடவில்லை என்று ஆர்ட் டைரக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எதைச் சரிசெய்வது?

படத்தை 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, பாத்திரம் ஓடப்போகும் பின்னணியின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் அழகாக நிற்கும் பாத்திரம் அங்கே காணாமல் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேல்யூதான், நிறமல்ல. பின்னணிக்கு ஒரு வேல்யூ எல்லையைக் குழுவோடு பேசி முடிவுசெய்யுங்கள். உதாரணமாக, சுற்றுப்புறம் 60–160க்குள், பாத்திரத்தின் முக்கிய வடிவம் அதற்கு வெளியே.

அடுத்தது பரப்பு. 60, 30, 10 சதவீதம் என்ற பங்கீட்டை எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்துக்கு நல்லது, விதி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பத்து சதவீதம் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. பளிச்சிடும் நிறத்தைப் பூட்ஸிலும் பெல்ட்டிலும் முழங்கையிலும் சமமாகத் தெளித்தால் கண் எங்கும் நிற்காது. தலை, மார்பு, கையிலுள்ள ஆயுதம் ஆகிய முக்கோணத்துக்குள் வையுங்கள், கால்கள் அடங்கியே இருக்கட்டும். மேலிருந்து பார்க்கும் கேம் என்றால் தோளும் தலையும்தான் தெரியும், கால் நிறம் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

நண்பன் பச்சை, பகைவன் சிவப்பு என்று வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு சிவப்பு-பச்சை வேறுபாட்டில் குறைபாடு உண்டு. மற்ற வம்சாவளிகளில் அளவு மாறினாலும் இல்லாமல் இல்லை. 'வியூ' மெனுவில் 'ப்ரூஃப் செட்டப்' பகுதியில் புரோட்டனோப்பியா, டியூட்டரனோப்பியா என இந்தக் குறைபாட்டின் இரு வகைகளுக்கான பார்வைகள் உள்ளன. இரண்டிலும் பாருங்கள். நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலும் தப்பிக்கும். வடிவத்திலும் வேல்யூவிலும் வேறுபாடு இருந்தால் எந்த ஜோடியும் தப்பிக்கும்.

கேள்வி: என் படத்திலுள்ள நிறத்தின் எண்களை அப்படியே 3டி குழுவுக்குக் கொடுத்தேன். கேமை இயக்கும் எஞ்சினில் வந்தது வேறு நிறம். அவர்கள் மீது தவறா, என் மீதா?

கொடுத்த தாளின் மீது. ஒளியும் நிழலும் கலந்த படத்திலிருந்து எடுத்த எண்ணை அவர்கள் டெக்ஸ்சரில் (3டி வடிவத்தின் மேல் போர்த்தும் படத்தில்) போட்டிருப்பார்கள். எஞ்சின் அதன் மேல் தன் ஒளியையும் பெருக்கியிருக்கும். கடைசியில், வெளிச்ச அளவுகளைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் டோன்மேப்பர் வந்து, வெளிச்சமான இடங்களின் சாச்சுரேஷனைக் குறைத்து, மாறுபாட்டை வளைத்திருக்கும்.

தாளை இரண்டாக்குங்கள். ஒன்று, ஒளியோடு கூடிய படம்: கடைசியில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு. மற்றொன்று, பொருள்வாரியான தட்டை நிறக் கட்டங்கள்: துணி, தோல், உலோகம் என்று பெயரிட்டு, எண்களோடும், பளபளப்பா மங்கலா என்ற குறிப்போடும். இந்த இரண்டாவது தாளில் சில எல்லைகள் உண்டு. நிலக்கரியே தன் மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புகிறது. எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற அளவுமுறை) எண்ணில் அது ஏறத்தாழ 56. ஆகவே 'கருப்புத் துணி' என்று 0 கொடுத்தால், எஞ்சின் எவ்வளவு ஒளி பாய்ச்சினாலும் அது ஓட்டையாகவே தெரியும். ஒளியின் இயல்பைக் கணக்கிட்டுப் படத்தை உருவாக்கும் பௌதிக முறை ரெண்டரிங்கில் உலோகமல்லாத பொருள்களை 30க்கும் 240க்கும் இடையே வைப்பது வழக்கம், கண்டிப்பானவர்கள் 50இல் தொடங்குவார்கள். சுத்தமான உலோகங்களுக்கு 180–255. ஒரு சுவருக்கு என்ன தருவது என்று திகைத்தால், 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் 118 அளவில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அதைவிட வெளிரா அடரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பை அனுப்பும்போது கலர் புரொஃபைலை (எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்ற தகவலை) உட்பொதித்து அனுப்புங்கள். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும்போது 'கன்வர்ட் டு புரொஃபைல்' என்பதைத் தேருங்கள். 'அசைன்' என்பது எண்களை அப்படியே வைத்து அர்த்தத்தை மட்டும் மாற்றிவிடும், நிறம் கண் முன்னே பெயர்ந்துபோகும். கட்டங்களை ஏஎஸ்இ என்ற பேலட் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து சேர்த்துவிட்டால், யாரும் ஜேபெக்கிலிருந்து ஐட்ராப்பரால் மறுபடி எடுக்க வேண்டியிராது. கிரிட்டா, கிம்ப் பயன்படுத்துவோருக்கு ஜிபிஎல் கோப்பு.

கேள்வி: இதற்கெல்லாம் விலையுயர்ந்த மானிட்டர் வேண்டுமா?

மானிட்டரைவிட அறை முக்கியம். இலக்கு எளியது: வெண்புள்ளி டி65, அதாவது ஏறத்தாழ 6,500 கெல்வின். காமா 2.2. பிரகாசம் சதுர மீட்டருக்கு 80–120 கேண்டலா. அளவீட்டுக் கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குறைந்தபட்சம் இரவு நேர மஞ்சள் வடிகட்டி, அறை ஒளிக்கேற்பத் தானே நிறம் மாற்றும் வசதி, 'விவிட்' பயன்முறை ஆகிய மூன்றையும் அணையுங்கள். பிரகாசம் அதிகமான திரையில் வரைபவர்களின் படங்கள் மற்றவர்களிடம் இருட்டாகப் போய்ச் சேரும், அடிக்கடி வரும் புகார் இது. மென்பொருளின் பின்னணி நிறத்தை நடுத்தரச் சாம்பலாக வையுங்கள். அகன்ற நிறவெளி கொண்ட பி3 திரைகளில், நிற மேலாண்மை இல்லாத செயலி எஸ்ஆர்ஜிபி படத்தைத் தேவைக்கு மேல் செறிவாகக் காட்டும். அதைப் பார்த்து நீங்கள் சாச்சுரேஷனைக் குறைத்தால், சாதாரணத் திரையில் படம் வெளிறிப்போகும்.

கேள்வி: ஒரு திரைப்படக் காட்சியின் பேலட்டை எடுத்து என் படத்தில் பயன்படுத்துவது திருட்டாகாதா?

நிறங்களின் உறவைப் படித்து வேறொரு காட்சிக்குப் பயன்படுத்துவது ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். காட்சியமைப்பு, உடை, நிறம் மூன்றையும் ஒருசேர எடுத்தால் அது வேறு கதை. புகைப்படத்தையே வெட்டி ஒட்டி வரையும்போது உரிமம் கட்டாயம் வேண்டும், அதை ஃபில்டர் மறைத்துவிடாது. இன்னொன்று: திரையில் வந்த காட்சி கிரேடிங் (படப்பிடிப்புக்குப் பின் நிறத்தை மாற்றும் வேலை) முடிந்த காட்சி. அதன் நிழல்களில் ஒரே டீல் (நீலப்பச்சை) நிறம் ஏறியிருந்தால் அது அந்த இடத்தின் ஒளி அல்ல, கலரிஸ்டின் முடிவு. ஒளியைக் கற்றுக்கொள்ள அதைப் பயன்படுத்தாதீர்கள். மூன்றாவதான மனநிலைப் பலகையில் வையுங்கள், முதலாவதான ஒளிப் பலகையில் வேண்டாம்.

கேள்வி: எட்டு நிமிடக் குறும்படத்துக்கு கலர் ஸ்கிரிப்ட் (கதை முழுக்க நிறம் மாறுவதைக் காட்டும் பட வரிசை) போட வேண்டும். எவ்வளவு விவரமாக வரைவது?

விவரமே வேண்டாம். கதையில் மனநிலை மாறும் இடங்களைப் பட்டியலிடுங்கள், எட்டு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 வரும். ஒவ்வொன்றுக்கும் 200 பிக்சல் அகலத்தில் ஒரு சட்டம் (ஃபிரேம்), எல்லாம் ஒரே கேன்வாஸில், ஒரே வரிசையில். கோடு கிடையாது. பெரிய பிரஷ், ஒரு சட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு நிறம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒன்றிலேயே உட்கார வேண்டாம்.

முதல் சட்டத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்கள் ஐந்தாவதிலேயே எல்லா நிறத்தையும் செலவழித்துவிடுவார்கள். உச்சக்காட்சியை முதலில் வரையுங்கள். அதன் முக்கிய நிறம் என்னவோ அதை மற்றச் சட்டங்களில் ஒதுக்கி வையுங்கள். உச்சம் சிவப்பு என்றால் அதற்கு முன்னால் சிவப்பு இரண்டே இடத்தில், சிறு பரப்பில், அடக்கமாக வரலாம், கதாநாயகியின் ரிப்பனில் என்பதுபோல். அதற்கு முந்தைய இரண்டு மூன்று சட்டங்களில் சாச்சுரேஷனை நன்றாக இறக்குங்கள். அந்தச் சிவப்பின் பலம் முழுக்க அதற்கு முன்னால் கண் எதைப் பார்த்துப் பழகியிருந்தது என்பதில்தான் இருக்கிறது.

முடித்த பிறகு முழு வரிசையையும் மிகச் சிறியதாக்கி, கருப்பு லேயரை 'கலர்' மோடில் போட்டுப் பாருங்கள். வேல்யூவிலும் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். அடுத்தடுத்த மூன்று சட்டங்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நடுவிலுள்ளதன் நேரத்தையோ வானிலையையோ மாற்ற முடியுமா என்று இயக்குநரிடம் கேளுங்கள். கதை இடம் கொடுக்காவிட்டால் ஷாட்டின் கோணத்தை மாற்றி, வானம் அதிகம் தெரிகிற மாதிரியோ தரை அதிகம் தெரிகிற மாதிரியோ வைக்கலாம்.